417 கோடி எம்.எல்.ஏ.வும் உங்க பி.எஃப். கணக்கும்



2019 மார்ச். நாங்குநேரி எம்.எல்.ஏ. எச். வசந்தகுமார், கன்னியாகுமரி நாடாளுமன்றத் தொகுதிக்கு வேட்புமனு தாக்கல் செஞ்சார். பிரமாணப் பத்திரத்துல காட்டின குடும்பச் சொத்து சுமார் 417 கோடி ரூபாய். அன்னைக்கு எங்க ஆபீஸ் டீ டைம்ல ஒரே பேச்சு: "அரசியலுக்குப் போயிருக்கணும் ப்ரோ!"

நமக்கு கை தானா கால்குலேட்டருக்குப் போயிடும் இல்லையா? 2016 சட்டமன்றத் தேர்தல்ல அவர் காட்டினது சுமார் 337 கோடி. மூணு வருஷத்துல 80 கோடி கூடியிருக்கு. கூட்டு வளர்ச்சியா போட்டுப் பார்த்தா, வருஷத்துக்கு ஏழரை சதவீதத்துக்குப் பக்கம்தான் வருது.

அதே காலத்துல உங்க பி.எஃப். வட்டி? 2016-17ல 8.65%, 2017-18ல 8.55%, 2018-19ல மறுபடியும் 8.65%.

இது துல்லியமான ஒப்பீடு இல்லை. நிலம், கட்டடத்துக்கு அதுல போடுறது ஒரு மதிப்பீடுதான். குடும்பச் செலவு போக மிஞ்சினதுதான் கணக்குல வரும். ஆனா விஷயம் புரியுது: வித்தியாசம் வளர்ச்சி விகிதத்துல இல்லை, அடித்தளத்துல.

அந்த அடித்தளம் எப்படி வந்தது?

அகஸ்தீஸ்வரத்துல பிறந்தவர். வி.ஜி.பி.யில விற்பனையாளரா வேலை பார்த்துட்டு, 1978ல வசந்த் அண்ட் கோ ஆரம்பிச்சார். டி.வி., ஃபிரிட்ஜை மாதத் தவணையில வாங்கின குடும்பங்கள் நம்ம ஊர்ல எத்தனை! அவர் முதல்முறை எம்.எல்.ஏ. ஆனது 2006ல. அதாவது, 28 வருஷ வியாபாரத்துக்கு அப்புறம்.

அதுக்குப் பிறகும் பாதை நேரா இல்லை. 2011ல நாங்குநேரியில தோல்வி. 2014ல கன்னியாகுமரியில தோல்வி. 2016ல திரும்ப எம்.எல்.ஏ. 2019ல எம்.பி. அடுத்த வருஷம் ஆகஸ்ட்ல கொரோனாவால இறந்துட்டார்.

ரெண்டு தோல்விக்கு நடுவுலயும் கடை ஷட்டர் தினமும் திறந்துச்சு. அதுதான் முக்கியம்.

ஒரு சின்ன வரித் தகவல்: எம்.எல்.ஏ. வாங்குறது வருமான வரிக் கணக்குல 'சம்பளம்' இல்லை, 'இதர வருமானம்'. ஏன்னா அவருக்கு முதலாளி கிடையாது. நமக்குக் கிடைக்கிற நிலையான கழிவும் அதுக்கு இல்லை. அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை மக்கள் புதுப்பிச்சா மட்டும் தொடர்ற வருமானம் அது.

இதை ஏன் சொல்றேன்?

நான் வேலையை விட்டுட்டு சொந்தமா பிராக்டீஸ் ஆரம்பிச்சப்போ, கையில ரெண்டு மாசச் செலவுக்குத்தான் காசு இருந்துச்சு. நாலாவது மாசம் மனைவியோட வளையல் அடகுக்கடைக்குப் போச்சு. திறமை குறைவா இருந்ததால இல்லை. தோத்தா தாங்குறதுக்கு கீழே எதுவும் இல்லாததால.

யூடியூப், ஸ்டார்ட்அப், அரசியல், எதுவா இருந்தாலும் இறங்குங்க. அதுக்கு முன்னாடி உங்களுக்கே ஒரு பிரமாணப் பத்திரம் எழுதுங்க. ஒரு பக்கம் சொத்து: பி.எஃப்., வங்கி இருப்பு, தங்கம், ஃபண்டு. மறுபக்கம் கடன்: கிரெடிட் கார்டு, பைக் லோன், அப்பாகிட்ட வாங்கினது உட்பட. கழிச்சு வர்றதுல உடனே எடுக்க முடிஞ்ச பணத்தை மட்டும் மாசச் செலவால வகுங்க.

விடை பன்னிரண்டுக்குக் கீழே வந்தா, ராஜினாமா கடிதம் டிராஃப்ட்லயே இருக்கட்டும்.