கொத்மலையின் நீரடித் திட்டு

ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்து மலைகளில் ஊற்றெடுத்து, தலவாக்கலைக்கு அருகே சென்ட் கிளேயர் நீர்வீழ்ச்சியாகப் பாறைகளின்மேல் பரந்து வீழ்ந்து, தேயிலைச் சரிவுகளினூடே இறங்கிவரும் கொத்மலை ஓயா, மகாவலி கங்கையோடு சங்கமிப்பதற்குச் சற்று முன்னரே ஓர் அணையினால் மறிக்கப்பட்டு, விசாலமான நீர்த்தேக்கமாக நிற்கின்றது. தென்மேற்குப் பருவமழையில் தளும்பி நிற்கும் அத்தேக்கம், வறட்சி கடுமையான ஆண்டுகளில் அடிவரை வற்றும்போது, வெடிப்புவிட்ட சேற்றின் நடுவே ஒரு திட்டு தலைதூக்குகின்றது. அதன்மேல், தேக்கத்தினுள் அமிழ்ந்துபோன கடதொர விகாரையின் இடிந்த சுவர்களும், வண்டல் படிந்த புத்தர் சிலையும் மீண்டும் வெயிலைக் காண்கின்றன.

இப்பள்ளத்தாக்கு பிறருக்குப் புகலிடம் தந்தே பெயர் பெற்றது. தந்தையுடன் பிணங்கிய இளவரசன் துட்டகைமுனு இங்கேதான் மறைந்து வாழ்ந்தான் என்பது ஐதீகம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் கலிங்க மாகனின் படையெடுப்புக்கு அஞ்சிய பிக்குகள் புத்தரின் தந்த தாதுவைக் கொணர்ந்து ஒளித்ததும் கொத்மலையிலேதான். மூன்றாம் விஜயபாகு மன்னன் பின்னர் அதனை மீட்டெடுத்துச் சென்றான். நாற்புறமும் மலைகள் அரண்போலச் சூழ்ந்த பூமியாதலால், பகைவர் எளிதில் நுழைய இயலாதிருந்தது. அந்த அமைப்பே, பின்னாளில் நீரைத் தேக்க நினைத்த பொறியியலாளருக்கும் வசதியாய்ப் போயிற்று.

மகாவலி அபிவிருத்தித் திட்டத்தின்கீழ், சுவீடன் நாட்டின் உதவியுடன், 1979-இல் அணை வேலை ஆரம்பமாயிற்று. கருங்கல்லைக் குவித்து எழுப்பிய 87 மீட்டர் உயர அணை 1985-இல் பூர்த்தியானது. நீர் சுரங்கவழியே சென்று, நிலத்தடி மின்னிலையத்தில் 201 மெகாவாட் வரை மின்சாரம் தருகின்றது. நாடு வெளிச்சம் பெற்றது மெய்யே. ஆயினும் வயல்களும், விகாரைகளும், தேயிலை நிலங்களும் நீரினுள் போயின. ஏறத்தாழ மூவாயிரம் குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. அவர்களிற் பலர் வறண்ட வலயத்துக் குடியேற்றங்களுக்குச் சென்று, மகாவலி நீரைக்கொண்டே புதிய வயல்களை உழுதனர்.

அமிழ்ந்த விகாரைகளின் நினைவாக, தேக்கத்தை நோக்கிய மேட்டில் எழுந்த மகாவலி மகா சேய என்னும் தாதுகோபம், முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கட்டப்பட்டு 2016-இல் நிறைவெய்தியது. அது தகுமான ஞாபகச் சின்னமே. ஆனால் கொழுந்து பறித்தவர்களின் ஞாபகமும் இந்நீரடியில் கிடக்கின்றது என்பதை நாம் மறத்தலாகாது. மவுசாக்கலை நீர்த்தேக்கம் வற்றும்போது, அதனுள் மூழ்கிய பழைய மஸ்கெலியா நகரின் கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் ஒருங்கே வெளிப்படுவதால், அந்நகரின் கதை வாய்வழியே இன்றும் பேசப்படுகின்றது. கொத்மலைத் தோட்டங்களுக்கு அத்தகைய பாக்கியம் வாய்க்கவில்லை. எந்தத் தோட்டத்தின் எந்த மலை மூழ்கிற்று, யார் எந்தத் தோட்டத்துக்குப் பிரிந்து போயினர் என்பவற்றையெல்லாம், அன்று தோட்டப் பெயர்ப்பதிவில் இருந்த தாத்தாமாரும் அம்மாயிமாரும் இருக்கும்போதே கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். இவ்வேலையை எங்கள் பாடசாலைப் பிள்ளைகளே தொடங்கலாம்.