அண்ணனின் 315-ஆம் வரி

ஹிஞ்சேவாடியில் கம்ப்யூட்டர் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. இன்ஃபோடெக் பார்க் பக்கம் டீக்கடையில் நின்றால் நாலில் மூன்று பேர் புரோகிராம் எழுதுகிறவர்கள். இருந்தும் எங்கள் வீட்டுப் பழைய நோட்டில் இருந்த புரோகிராமுக்குப் பொருள் காண நானே பென்சிலோடு உட்கார வேண்டியதாயிற்று.

1988-ல் அண்ணன் ஒரு டி.பி. ஸ்பெக்ட்ரம் பிளஸ் வாங்கினார். இங்கிலாந்தில் சின்க்ளேர் 1982-ல் வெளியிட்ட ஸ்பெக்ட்ரத்தின் வாரிசு அது. இந்தியாவில் டெசிபெல்ஸ் எலெக்ட்ரானிக்ஸ் உரிமம் பெற்று விற்றது. நினைவகம் வெறும் 48 கே. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு போட்டோவுக்குக்கூட அது காணாது! வீட்டு டி.வி.தான் திரை, டேப் ரிக்கார்டர்தான் பெட்டகம். 'ஜி' பொத்தானை அமுக்கினால் 'கோ டூ' என்று முழுச் சொல்லே வந்து விழும்.

பெட்டி பழுதாயிற்று, கேசட்டில் பூஞ்சை பிடித்தது. அண்ணனும் இப்போது இல்லை. மிஞ்சியது அவர் கைப்பட எழுதிய நோட்டு: பேசிக் மொழியில் பல்லாங்குழி.

மேலிருந்து கீழே படித்தால் தலை சுற்றியது. பிறகு ஒவ்வொரு 'கோ டூ'வும் எந்த வரிக்குத் தாவுகிறது என்று அம்பு போட்டேன். 'பி' என்பது 14 அறை கொண்ட அணி; அதாவது 14 குழிகள். (சின்க்ளேர் பேசிக்கில் அணியின் பெயர் ஒரே எழுத்துத்தான்.) 1 முதல் 7 வரை நம் குழி, 8 முதல் 14 வரை மெஷினுடையது. எண் 15 ஆனால் மறுபடி 1; காய் சுற்றி வருகிறது. 230-ஆம் வரியில் குழியில் 4 சேர்ந்தால் 'பசு'. சாட்சாத் அம்மாவின் ஆட்டம்!

என் மகன் லேப்டாப்பில் ஸ்பெக்ட்ரம் போலவே நடந்துகொள்ளும் ஒரு மென்பொருளை ஏற்றி, எல்லாவற்றையும் தட்டினான். இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு, "அப்பா, பெரியப்பா 315-ல தப்பு பண்ணியிருக்கார்பா. நல்லா ஆடிட்டே இருந்து திடீர்னு கணக்கே போடாம ஏதோ ஒரு குழியை எடுக்குது" என்றான்.

பார்த்தேன். 'ஆர்.என்.டி.' 0-க்கும் 1-க்கும் இடையில் ஏதோ ஓர் எண்ணைத் தரும். அது 0.3-க்குக் குறைந்தால் 400-க்குப் போ என்கிறது 315. அங்கே சீட்டுக் குலுக்கல்தான். பத்துக்கு மூன்று முறை மெஷின் கண்ணை மூடிக்கொண்டு ஆடும்.

பேசிக்கில் வரிகளுக்குப் பத்துப் பத்தாக எண் கொடுப்பது, பின்னால் எதையாவது இடையில் செருகத்தான். நோட்டு முழுக்கக் கறுப்பு மை. 310-க்கும் 320-க்கும் நடுவே இந்த ஒரு வரி மட்டும் நீலம்.

அம்மாவிடம் போய், "அண்ணன் செஞ்ச பல்லாங்குழி ஞாபகம் இருக்காம்மா?" என்று கேட்டேன்.

"இல்லாம என்ன? மொதல்ல ஒரு ஆட்டம்கூட என்னால ஜெயிக்க முடியல. அப்புறம் அதோட சூட்சுமத்தைப் பிடிச்சிட்டேன்ல? தினம் தோக்கடிச்சேன். உங்கண்ணனே அசந்து போயிட்டான்."

மகன் வாயைத் திறக்கப் போனான். அவன் தோளை அழுத்தினேன்.

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பச் சொன்னாள்.