தோல் செல்களின் பிடிப்பும் ஸ்டீராய்டு மருந்தும்: பெம்பிகஸ் நோயாளிகளுக்கு ஒரு விளக்கம்

"கொப்புளங்கள் ஆறிவிட்டன; இனி இந்த மாத்திரை எதற்கு?" பெம்பிகஸ் நோய்க்கு மருத்துவம் பெறுவோரின் இல்லங்களில் அடிக்கடி எழும் கேள்வி இது. மருந்து உடலுக்குள் செய்யும் பணியை அறிந்துகொண்டால் இதற்கான விடை எளிதில் விளங்கும்.

நோய் எவ்வாறு தோன்றுகிறது?

நம் மேல்தோலின் செல்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டிருக்கின்றன. டெஸ்மோக்ளின் என்னும் புரதம் இப்பிடிப்புக்கு இன்றியமையாதது. இதில் 3 என்று எண்ணிடப்பட்ட வகை வாயின் உட்பரப்பிலும், 1 என்று எண்ணிடப்பட்ட வகை தோலின் மேலடுக்கிலும் முதன்மையாகச் செயற்படுகின்றன. கிருமிகளை அழிக்க வேண்டிய எதிர்ப்பொருள்கள் தவறுதலாக இப்புரதத்தையே தாக்கும்போது செல்கள் பிரிந்து, இடையில் நீர் கோத்துக் கொப்புளமாகின்றது. பெம்பிகஸ் வல்காரிஸ் என்பது இதுவே. இது தொற்றுநோய் அன்று. நோயாளியைத் தொடுவதாலோ, உடன் உண்பதாலோ பரவாது.

பலருக்கு முதலில் ஆறாத வாய்ப்புண்ணாகவே இந்நோய் தொடங்கும். சத்துக்குறைவு என்று எண்ணிச் சத்து மாத்திரைகளை உண்டு மாதக்கணக்கில் காத்திருப்போர் உண்டு. சேத்தூர், இராசபாளையம் வட்டாரக் கிராமங்களில் கொப்புளத்தைக் கண்டதும் அம்மை என்று ஒதுங்கியிருப்பதும், அக்கி என்று காவி எழுதுவதும் வழக்கம். வாய்ப்புண் சில வாரங்களில் ஆறாவிட்டாலோ, கொப்புளங்கள் மேன்மேலும் தோன்றினாலோ தோல்நோய் மருத்துவரை அணுகுவதே தக்கது.

மருந்தின் இரு பணிகள்

1950களில் ஸ்டீராய்டு மருந்துகள் பயன்பாட்டுக்கு வருமுன் இந்நோய் கண்டவர்களுள் பெரும்பாலோர் சில ஆண்டுகளுக்குள் உயிரிழந்தனர். ஸ்டீராய்டு அந்நிலையை மாற்றியது. தவறான எதிர்ப்பொருள்கள் உருவாவதை அது கட்டுப்படுத்துகிறது என்பது அனைவரும் அறிந்ததே. ஆயினும் இரத்தத்தில் ஏற்கெனவே உள்ள எதிர்ப்பொருளின் அளவு பாதியாகக் குறையவே ஏறத்தாழ 3 வாரங்கள் ஆகும். பல நோயாளிகளுக்கோ அதற்கு முன்னரே புதிய கொப்புளங்கள் குறையத் தொடங்குகின்றன. இதற்குக் காரணம் என்ன?

ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட தோல் செல்களைக் கொண்டு 2004ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு இதற்கு விடை தந்தது. மெத்தில்பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு, டெஸ்மோக்ளின் போன்ற பிடிப்புப் புரதங்களின் உற்பத்தியைக் கூட்டியது. அப்புரதங்களின் பிடியைத் தளர்த்தும் வேதிமாற்றத்தையும் குறைத்தது. அதாவது, தாக்குதலைத் தணிப்பதோடு பிடிப்பையும் இம்மருந்து வலுப்படுத்துகிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், செல்லுக்குள் டெஸ்மோக்ளின் உற்பத்தியை அடக்கிவைக்கும் ஸ்டாட்3 என்னும் புரதத்தின் செயல் குறையும்போது அவ்வுற்பத்தி பெருகுவதைப் பின்னர்க் கண்டறிந்தனர். இவை செல்களின் அளவில் கண்ட உண்மைகள்; இவற்றைக் காட்டி "தோலின் பிடிப்பைக் கூட்டும்" என்று விற்கப்படும் பொடிகளையும் மாத்திரைகளையும் நம்பி மருத்துவத்தை நிறுத்திவிடக் கூடாது.

இந்திய மருத்துவத்துக்கும் இத்துறையில் சிறப்பான இடமுண்டு. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் ஜே. எஸ். பஸ்ரிச்சா 1980களில் ஒரு முறையை உருவாக்கினார். இதில் டெக்சாமெத்தசோன் 3 நாள்கள் தொடர்ந்து உயர்ந்த அளவில் நரம்புவழியாகச் செலுத்தப்படும். சைக்ளோபாஸ்பமைடும் உடன் தரப்படும். 28 நாள்களுக்கு ஒருமுறை இது மீண்டும் நிகழும். எதிர்ப்பொருளுக்கு மூலமான பி செல்களை அகற்றும் ரிடுக்சிமாப் இன்று தரப்படுகிறது. 2018இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் இந்நோய்க்கு அதனை ஏற்றது.

ஏன் திடீரென நிறுத்தக்கூடாது?

தோல் ஆறிய பின்னும் இரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் எஞ்சியிருக்கலாம். அப்போது மருந்து நின்றால் கொப்புளங்கள் மீண்டும் தோன்றக்கூடும். மேலும், நீண்டநாள் ஸ்டீராய்டு உட்கொண்டால் உடலின் அட்ரீனல் சுரப்பி தன் இயல்பான சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். திடீரென நிறுத்தினால் கடும் சோர்வு, வாந்தி, தலைசுற்றல், இரத்த அழுத்தக் குறைவு ஆகியன ஏற்பட்டு உயிருக்கே தீங்கு நேரலாம். ஆதலால் மருத்துவரே அளவைப் படிப்படியாகக் குறைப்பார்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

• சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றை மருத்துவர் சொன்ன இடைவெளியில் பரிசோதியுங்கள். எலும்பைக் காக்கத் தரும் கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளை விடாதீர்கள்.

• கொப்புளத்தின் மேல்தோலை உரிக்காதீர்கள். மென்மையான பருத்தி உடையை அணிவியுங்கள். புண் ஒட்டாமலிருக்க வாழை இலையில் படுக்கவைப்பதானால், இலையைத் தூய்மைப்படுத்தும் முறையைச் செவிலியரிடம் கேட்டறியுங்கள்.

• வாயில் புண் உள்ளவரை காரம், புளி, முறுகலான பண்டங்கள் வேண்டா. ஆறிய கஞ்சி, குழைந்த சோறு, மோர் ஆகியன நன்று.

• காய்ச்சல், புண்ணில் சீழ், கருநிற மலம், மூச்சுத்திணறல், மயக்கம் ஆகியவற்றுள் எது கண்டாலும் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள்.

வெளியூர்ப் பயணத்தின்போதும், திருவிழா நாள்களிலும் மாத்திரை தீர்ந்துவிடாமல் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். பிற நோய்க்காக வேறு மருத்துவரிடம் செல்ல நேர்ந்தால், ஸ்டீராய்டு உட்கொள்வதை முதலிலேயே தெரிவியுங்கள்.