'முழு தானிய' பிஸ்கட்... பாக்கெட்டின் பின்பக்கம் என்ன சொல்கிறது?

"எனக்கு சுகர் இருக்குப்பா. க்ரீம் பிஸ்கட்லாம் வேணாம், அந்த கோதுமை பிஸ்கட் ஒரு பாக்கெட் கொடு!"

எந்த மளிகைக் கடையில் ஐந்து நிமிடம் நின்றாலும் இப்படி ஒரு குரலைக் கேட்டுவிடலாம். முழு கோதுமை, ஓட்ஸ், ராகி, மல்டிகிரெய்ன், டைஜஸ்டிவ் எனப் பழுப்பு நிற பாக்கெட்டுகளுக்கு சூப்பர் மார்க்கெட்டுகளில் தனி அடுக்கே வந்துவிட்டது. சாதாரண பிஸ்கட்டைவிட விலை கூடுதல்தான். 'உடம்புக்கு நல்லதாச்சே' என்று வாங்கிப் போகிறார்கள்.

இந்தியாவில் சர்க்கரை நோயாளிகளின் எண்ணிக்கை 10 கோடியைத் தாண்டிவிட்டதாக, 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். - இண்டியாப் ஆய்வு சொன்னது. அப்படியொரு நாட்டில், டீயோடு தினமும் நான்கு பிஸ்கட் சாப்பிடுபவர் எதை நம்பிச் சாப்பிடுகிறார் என்பது சின்ன விஷயம் இல்லை.

பழுப்பாக இருந்தால் தானியமா?

கோதுமையோ கம்போ, ஒரு தானிய மணியில் மூன்று பகுதிகள் உண்டு. மேலே தவிடு, உள்ளே துளியூண்டு முளைக்கரு, மீதியெல்லாம் மாவுப்பகுதி. நார்ச்சத்தில் பெரும்பகுதி தவிட்டில்தான் இருக்கிறது. பி வைட்டமின்களும் தாதுக்களும் தவிட்டிலும் முளைக்கருவிலும் அதிகம். மூன்றும் சேர்ந்திருந்தால் அது முழு தானியம். தவிடும் முளைக்கருவும் போய் மாவுப்பகுதி மட்டும் மிஞ்சினால் மைதா.

'மல்டிகிரெய்ன்' என்ற வார்த்தைக்குப் பல தானியங்கள் என்று மட்டும்தான் அர்த்தம். அவை முழுசாக இருக்கின்றனவா, தீட்டப்பட்டவையா என்பதை அந்த வார்த்தை சொல்லாது. நிறத்தையும் நம்ப முடியாது. பொருள்கள் பட்டியலில் ஐ.என்.எஸ். 150 என்று தொடங்கும் எண் இருந்தால், அது கேரமல் நிறமி.

'டைஜஸ்டிவ்' என்ற பெயருக்கும் ஒரு கதை உண்டு. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மெக்விட்டிஸ் நிறுவனம் 1892-ல் தயாரித்த பிஸ்கட் அது. சேர்க்கப்படும் சமையல் சோடா செரிமானத்துக்கு உதவும் என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். பெயர் மட்டும் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

படம் பெருசு, ராகி சிறுசு!

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.-யின் 2020-ம் ஆண்டு லேபிள் விதிகள் இரண்டு நல்ல காரியங்களைச் செய்திருக்கின்றன. பொருள்கள் பட்டியலில் எது அதிகமோ அதுதான் முதலில் வர வேண்டும். முன்பக்கத்தில் பெயராகவோ படமாகவோ ஒரு பொருளைத் தூக்கிக் காட்டினால், அது எத்தனை சதவிகிதம் சேர்க்கப்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

முன்னால் ராகிக் கதிர் படம், பின்னால் மைதா முதலிடம், அடுத்து சர்க்கரை, பாமாயில், அதற்கும் பிறகு 'ராகி மாவு 10%' என்று ஒரு பாக்கெட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. 10% ராகி போட்ட பிஸ்கட்டை 50 கிராம் சாப்பிட்டால், ராகியின் வழியாகக் கிடைக்கும் கால்சியம் 18 மில்லிகிராமுக்குள்தான். ஒரு டம்ளர் பாலில் 200 மில்லிகிராமுக்கு மேல் கிடைக்கும். குழந்தையின் எலும்புக்காக ராகி பிஸ்கட் வாங்கும் பெற்றோர் அந்த சதவிகிதத்தைத் தேடிப் பார்ப்பது அவசியம்.

சர்க்கரையும் பல பெயர்களில் வரும். இன்வர்ட் சிரப், லிக்விட் குளுக்கோஸ், மால்ட் எக்ஸ்ட்ராக்ட், தேன், வெல்லம் எனப் பிரித்துப் போட்டால், ஒவ்வொன்றும் கொஞ்சமாகத் தெரிந்து பட்டியலில் கீழே போய்விடும். 'சேர்க்கப்பட்ட சர்க்கரை' என்று ஊட்டச்சத்து அட்டவணையில் தனியாக ஒரு வரி இருக்கும். அதைப் பார்த்தால் கூட்டுத்தொகை தெரிந்துவிடும்.

நான்கு பிஸ்கட் கணக்கு

டைஜஸ்டிவ் வகை பிஸ்கட்டில் பொதுவாக 100 கிராமுக்கு 480 கலோரியை ஒட்டிய ஆற்றல், 20 கிராம் அளவுக்குக் கொழுப்பு, 15 கிராமை ஒட்டிய சர்க்கரை இருக்கும். பிராண்டுக்கு பிராண்டு கொஞ்சம் மாறும். ஒரு பிஸ்கட் ஏறக்குறைய 12 கிராம் என்றால், நான்கு பிஸ்கட் 50 கிராமை நெருங்கிவிடும். அதாவது சுமார் 240 கலோரி, இரண்டு டீஸ்பூன் எண்ணெய்க்குச் சமமான 10 கிராம் கொழுப்பு, ஒன்றரை டீஸ்பூன் சர்க்கரை. கலோரியை மட்டும் பார்த்தால் நான்கு இட்லி சாப்பிட்ட மாதிரி. ஆனால் வயிறு அப்படி நினைக்காது. ஒரு மணி நேரத்தில் மறுபடி பசிக்கும்.

மேரி பிஸ்கட்டில் இதைவிட சர்க்கரை கூடுதலாக இருக்கலாம், ஆனால் கொழுப்பு கணிசமாகக் குறைவு. 'டைஜஸ்டிவ் என்றால் லைட்' என்ற எண்ணம் இந்த இடத்தில் அடிபட்டுப்போகிறது. பெரும்பாலும் பாமாயில் சேர்ப்பதால், அந்தக் கொழுப்பில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு.

லேபிளில் 'ஒரு பரிமாறும் அளவு' என்று ஒரு பத்தி இருக்கும். பல பாக்கெட்டுகளில் அந்த அளவு ஒன்றோ இரண்டோ பிஸ்கட்தான். அங்கே சதவிகிதம் சின்னதாகத் தெரிவதில் ஆச்சர்யம் இல்லை. இரண்டு பாக்கெட்டுகளை ஒப்பிட 100 கிராம் பத்திதான் சரி. இன்னொன்று, அந்தச் சதவிகிதம் 2,000 கலோரி தேவைப்படும் பெரியவருக்கான கணக்கு. அதில் சேர்க்கப்பட்ட சர்க்கரைக்கு 50 கிராம் என்று வைத்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனமோ 25 கிராமுக்குள் நிறுத்தினால் இன்னும் நல்லது என்கிறது. ஆறு வயதுக் குழந்தைக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

நியாயமாகச் சொன்னால், நார்ச்சத்து விஷயத்தில் நல்ல முழு கோதுமை பிஸ்கட் மைதா பிஸ்கட்டை ஜெயிக்கிறது. 100 கிராமுக்கு 6 கிராம் நார்ச்சத்து இருந்தால்தான் 'நார்ச்சத்து அதிகம்' என்று போட அனுமதி. அப்படிப்பட்ட பிஸ்கட்டாக இருந்தாலும் நான்கில் கிடைப்பது 3 கிராம். பெரியவருக்கு ஒரு நாளைக்கு 30 கிராம் அளவுக்குத் தேவை. ஒரு நடுத்தர கொய்யாப்பழமே 5 கிராம் தரும்.

சர்க்கரை நோயாளிகளுக்காக 'சர்க்கரை சேர்க்காதது' என்றும் பிஸ்கட்டுகள் வருகின்றன. மாவு மைதாவாக இருந்தால், அது செரித்து ரத்தத்தில் குளுக்கோஸாகத்தான் சேரும். இனிப்புக்கு மால்டிடால் போன்றவற்றைச் சேர்த்திருந்தால், அதிகம் சாப்பிடும்போது வயிற்றுப்போக்கு வரலாம். இதை லேபிளிலேயே பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள்.

ஆக, கடையில் நிற்கும்போது பார்க்க வேண்டியவை அதிகமில்லை. முழு கோதுமை மாவோ வேறு முழு தானியமோ பட்டியலில் முதலில் இருக்கிறதா, எத்தனை சதவிகிதம், 100 கிராமுக்குச் சேர்க்கப்பட்ட சர்க்கரையும் நிறைவுற்ற கொழுப்பும் எவ்வளவு. கண்ணாடி இல்லாத தாத்தா பாட்டிகள் மொபைலில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம். இந்தச் சிரமத்தைக் குறைக்க, முன்பக்கத்திலேயே நட்சத்திர மதிப்பீடு போடும் வரைவை எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2022 செப்டம்பரில் வெளியிட்டது. சிலி நாட்டில் 2016 முதலே சர்க்கரையும் கொழுப்பும் அதிகமான பாக்கெட்டுகளின் முன்பக்கத்தில் கறுப்பு எண்கோண முத்திரை இருக்கிறது.

தெருமுனை பேக்கரியில் கண்ணாடி ஜாடியிலிருந்து எடுத்துத் தரும் கோதுமை பிஸ்கட்டுக்கு இந்த அட்டவணை எதுவும் கிடையாது. முழு கோதுமை மாவு மட்டும் போட்டால் பிஸ்கட் கெட்டியாகிவிடும் என்பதால் மைதா கலப்பது வழக்கம். "அண்ணே, இதுல மைதா எவ்வளவு?" என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.