காலத்தை அளந்த கருவிகள் – 9: பிடித்தலும் விடுத்தலும்

எந்திரங்களைச் செய்யும் எந்திரங்களை உள்நாட்டிலேயே உருவாக்குவதற்காக 1953-இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் (எச்.எம்.டி.) என்னும் அரசு நிறுவனம், ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்துடன் தொழில்நுட்ப உடன்பாடு செய்துகொண்டு, 1961-இல் அதே நகரில் கைக்கடிகாரத் தொழிற்சாலை ஒன்றை அமைத்தது. அங்கே உருவான முதல் தொகுதிக் கடிகாரங்களைப் பிரதமர் ஜவாஹர்லால் நேரு வெளியிட்டார். கடைசல் எந்திரம் செய்த கைகள் கடிகாரத்துக்கு வந்தது இயல்பான வளர்ச்சியே. ஏனெனில் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் ஓட்டத்தில் தெரிந்துவிடுகிற ஓர் உறுப்புத் தொகுதி கடிகாரத்துக்குள் இருக்கிறது. எஸ்கேப்மென்ட் என்று கடிகாரத் தொழிலில் வழங்கும் அத்தொகுதியை, அந்நிறுவனத்தின் பெயரை வீடுதோறும் கொண்டுசென்ற ஜனதா கடிகாரத்தின் வழியே பார்ப்பது எளிது.

சாவி கொடுக்கும்போது சுருண்டு இறுகும் மெயின் ஸ்பிரிங் விரிந்துகொள்ளவே முயலும். அந்த விசை பற்சக்கரங்களின் வரிசை வழியாக முள்களைச் சுழற்றும். இடையில் தடுப்பார் இல்லையென்றால், ஒரு நாளுக்கும் மேல் ஓடவேண்டிய விசை முழுவதும் சக்கரங்கள் விர்ரென்று சுழன்று சற்று நேரத்தில் தீர்ந்துபோகும். ஆகவே விசையைப் பிடித்து நிறுத்தி, சம இடைவெளிகளில் ஒவ்வொரு பல்லாக விடுவிக்க வேண்டும். அந்த இடைவெளியை அளந்து சொல்கிற ஊசலியையும் ஓயாமல் ஆடவைக்க வேண்டும். இவ்விரு வேலைகளையும் ஒன்றாகச் செய்வதே எஸ்கேப்மென்ட்.

ஐரோப்பியக் கோபுரக் கடிகாரங்களில் 14-ஆம் நூற்றாண்டில் வழங்கிய முதல் அமைப்பில், சக்கரத்தின் பல் ஊசலியை ஒரு கணமும் தன்போக்கில் விடாமல் தள்ளிக்கொண்டே இருந்ததால், விசை கூடினால் கடிகாரம் விரைந்தது, குறைந்தால் பிந்தியது. ஹாலந்தின் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1656-இல் ஊசலையும் 1675-இல் சுருள்வில்லையும் கொண்டுவந்தபின் துல்லியம் பெரிதும் உயர்ந்தது. ஆனால் மணிக்கட்டில் கட்டும் கருவிக்கு உகந்த விடை, லண்டனின் தாமஸ் மட்ஜ் 1755-ஐ ஒட்டி வகுத்த நெம்புகோல் எஸ்கேப்மென்ட்தான். ஜனதாவுக்குள் இருப்பதும் அதன் வழிவந்ததே.

அதில் மூன்று உறுப்புகள் உண்டு. முதலாவது, மெயின் ஸ்பிரிங்கின் விசை கடைசியாக வந்துசேரும் எஸ்கேப் சக்கரம். இவ்வகையில் அதற்கு வழக்கமாக 15 பற்கள். இரண்டாவது, நங்கூரம் போன்ற வடிவில் இரு கைகளிலும் ஒவ்வொரு செயற்கை மாணிக்கக் கல் பதித்து, வாலில் கவையாகப் பிளந்திருக்கும் பேலட் நெம்புகோல். மூன்றாவது, ஹேர்ஸ்பிரிங் எனப்படும் மயிரிழைச் சுருளால் இருபுறமும் மாறிமாறிச் சுழலும் பேலன்ஸ் சக்கரம். பேலன்ஸ் சக்கரம் திரும்பி வரும்போது அதன் அடியிலுள்ள சிறு கல் நெம்புகோலின் கவைக்குள் நுழைந்து அதை அசைக்க, பல்லைத் தடுத்துநின்ற மாணிக்கம் விலகுகிறது. விடுபட்ட பல் அந்த மாணிக்கத்தின் சரிவில் வழுக்கிச் செல்லும்போதே நெம்புகோலைத் தள்ள, நெம்புகோல் பேலன்ஸ் சக்கரத்துக்குச் சிறு உந்துதலைக் கொடுக்கிறது. உடனே மறுகையின் மாணிக்கம் இன்னொரு பல்லைத் தடுத்து நிறுத்துகிறது. காதில் விழும் டிக் ஒலி இந்த மோதல்களின் ஒலியே.

இவ்வமைப்பின் மேன்மை அது தள்ளுவதில் மட்டுமன்றி, தள்ளியபின் விலகிக்கொள்வதிலும் இருக்கிறது. நன்றாகச் சாவி கொடுத்த கடிகாரத்தில் பேலன்ஸ் சக்கரம் நடுநிலையிலிருந்து ஒவ்வொரு பக்கமும் 270 பாகைக்கு மேலும் சுழலக்கூடும். நெம்புகோலோடு அதற்குள்ள தொடர்போ ஒவ்வொரு வீச்சிலும் ஏறத்தாழ 50 பாகை மட்டுமே. எஞ்சிய தொலைவு முழுவதும் அது ஹேர்ஸ்பிரிங்குக்கு மட்டும் கட்டுப்பட்டது. ஊஞ்சல் கீழே வந்து கடக்கும் கணத்தில் தொட்டுத் தள்ளினால் அதன் ஆட்டக் காலம் மாறாதது போல, நடுநிலையில் கிடைக்கும் உந்துதலும் பேலன்ஸ் சக்கரத்தின் காலத்தைக் குலைப்பதில்லை.

நெம்புகோல் இப்படித் தனித்து நிற்கையில் கை குலுங்கினால் தானே நகர்ந்து பல்லை விட்டுவிடாதா? அதற்காகவே மாணிக்கங்களைச் சற்றுச் சாய்த்துப் பதிக்கிறார்கள். பல்லின் அழுத்தமே கல்லை உள்ளிழுத்து நெம்புகோலை இறுத்திவைக்கிறது. பகையாக நின்ற விசையையே காவலாக மாற்றிய இந்தச் சாய்வு, இந்தக் கருவியில் போற்றத்தக்கவற்றுள் முதன்மையானது.

ஜனதா மணிக்கு 18,000 முறை, அதாவது நொடிக்கு 5 முறை துடிக்கிறது. ஒரு பல் முழுதாகக் கடக்க இரு துடிப்பு வேண்டுமாதலால் 15 பற்களுக்கு 30 துடிப்பு. எனவே எஸ்கேப் சக்கரம் 6 நொடிக்கு ஒருமுறை சுழன்று முடிக்கிறது. ஒரு நாளில் துடிப்புகள் 4,32,000. நாளொன்றுக்கு 30 நொடி பிந்தும் கடிகாரத்தைப் பழுதென்று ஒதுக்குவோர், அதன் பிழை பத்தாயிரத்தில் நான்குக்கும் குறைவென்பதை எண்ணிப்பார்ப்பது நலம். முகப்பில் குறிக்கப்படும் ‘17 ஜூவல்ஸ்’ என்பதும் அணிகலனுக்கானதன்று. 17 கல் கடிகாரங்களின் வழக்கமான அமைப்பில் 11 கற்கள் பேலன்ஸ், நெம்புகோல், எஸ்கேப் சக்கரம் ஆகிய மூன்றின் உராய்வையும் தேய்மானத்தையும் குறைக்கவே இருக்கின்றன.

இத்தகைய நுண்மையைச் சாமானியர் வாங்கும் விலையில் தொகுதி தொகுதியாகச் செய்து தந்ததே பெங்களூர் தொழிற்சாலையின் உண்மையான சாதனை. எஸ்கேப்மென்ட்டே தேவைப்படாத குவார்ட்ஸ் கைக்கடிகாரம் 1969-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. 1980-களில் ஓசூரில் எழுந்த டைட்டன் தொழிற்சாலை அந்த வழியையே பற்றிக்கொண்டது. எச்.எம்.டி.யும் குவார்ட்ஸில் இறங்கியது. எனினும் அதன் கடிகாரப் பிரிவை மூட 2016-இல் மத்திய அமைச்சரவை முடிவு செய்தது.

எஸ்கேப்மென்ட் எவ்வளவு செம்மையாக இருந்தாலும், வெப்பம் ஏறும்போது சாதாரண எஃகால் ஆன ஹேர்ஸ்பிரிங் தளர்ந்து கடிகாரம் பிந்தும். நிக்கல் கலந்த எஃகை ஆராய்ந்து 1920-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற சார்ல் எதுவார் கியோம் இதற்குக் கண்ட தீர்வை அடுத்த பகுதி விவரிக்கும்.