ஒரு சைபர் செய்யும் வேலை



"விளையாட்டு வினையாகும்" என்பார்கள். எனக்கு ஆனது. அதில் கிடைத்த பாடத்தை உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

'ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்' என்று ஒரு ஆன்லைன் விளையாட்டு. 2013-ல் வெளிவந்தது. பாறை வெட்டலாம், மீன் பிடிக்கலாம், சேர்த்த காசில் பொருள் வாங்கலாம். பெரிய தொகையை முழுதாக அடிக்க வேண்டாம். ஆயிரத்துக்கு 'கே', மில்லியனுக்கு 'எம்' என்ற ஆங்கில எழுத்தை எண்ணுக்குப் பின்னால் போட்டால் போதும். வசதிதான். வம்பும் அதில்தான்!

ஒருவரிடம் கவசம் ஒன்றை மூன்று லட்சம் காசுக்குப் பேசினேன். '300 கே' என்று அடிக்க வேண்டும். நானோ லட்சத்தையே மனதில் வைத்துக்கொண்டு '3 எம்' என்று அடித்துவிட்டேன். அது முப்பது லட்சம்! திரையில் '3000 கே' என்று காட்டியது. 300 கே என்றாலும் அதே வெள்ளை நிற எழுத்துதான். கண் ஏமாந்தது. "சரியா?" என்று இரண்டாவது திரையும் கேட்டது. படிக்காமலே அமுக்கினேன். நாலு மாதம் பாறை வெட்டிய காசு போச்சு!

"போனால் போகட்டும், பொய்க்காசுதானே" என்கிறீர்களா? கேளுங்கள்.

என் அப்பா லாரியில் மூட்டை ஏற்றுபவர். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரி வாசல் மிதித்தவன் நான். அதனால் போனில் பணம் அனுப்புவது என் வேலை. ஒருநாள் மளிகைக் கடைக்கு 2,500 அனுப்பச் சொன்னார். அவசரத்தில் 25,000 என்று அடித்து, ரகசிய எண்ணையும் போட்டுவிட்டேன். 'கணக்கில் போதிய பணம் இல்லை' என்று வந்தது.

"ஏன்டா தம்பி, இருக்கிற காசு போதலையா?" என்று முகம் வாடிக் கேட்டார் அப்பா.

"இல்லப்பா... நான்தான் ஒரு சைபர் கூடப் போட்டுட்டேன்."

பணம் இல்லாததுதான் அன்று எங்களைக் காப்பாற்றியது! அடுத்த வாரம் என் ஃபீஸுக்காக வட்டிக்கு வாங்கிய 30,000 ரூபாய் அதே கணக்கில் கிடந்தது. நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது.

படித்தவர்களும் இதற்கு விலக்கல்ல. 8.12.2005 அன்று ஜப்பானின் மிசுஹோ செக்யூரிட்டீஸ் நிறுவனத்தில், ஒரு பங்கை 6,10,000 யென்னுக்கு விற்பதற்குப் பதிலாக, 6,10,000 பங்குகளை ஒரு யென்னுக்கு விற்பதாக அடித்துவிட்டார்கள். அந்தக் கம்பெனிக்கு இருந்த மொத்தப் பங்குகளே 14,500தான்! கம்ப்யூட்டர் எச்சரித்தும் கவனிக்கவில்லை. நஷ்டம் 4,000 கோடி யென்னுக்கு மேல்.

தப்பிக்க வழி? நான் கடைப்பிடிப்பவை இவை:

1. முதலில் தொகையை வாய்விட்டுச் சொல்லுங்கள், பிறகு அடியுங்கள். காசோலையில் எழுத்தாலும் எழுதச் சொல்வது இதற்காகத்தான். எண்ணும் எழுத்தும் வேறுபட்டால் எழுத்தில் உள்ளதே செல்லும் என்கிறது 1881-ஆம் ஆண்டுச் சட்டம்.

2. கணக்கை மனப்பாடம் செய்யுங்கள்: ஒரு லட்சம் 100 கே. பத்து லட்சம் 1 எம். ஒரு கோடி 10 எம்.

3. நம் ஊர்க் கமா வேறு, வெளிநாட்டுக் கமா வேறு. நமக்கு 10,00,000. அவர்களுக்கு 1,000,000. இரண்டும் ஒன்றே. கமாவை நம்பாமல் வலப்பக்கமிருந்து சைபர்களை எண்ணுங்கள்.

4. "சரியா?" என்று திரை கேட்டால் விரலை எடுத்துவிட்டுப் படியுங்கள்.

5. பெரிய தொகை என்றால் பக்கத்தில் இருப்பவரையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். இதில் வெட்கம் வேண்டாம்.

அப்பா மூட்டை எண்ணும்போது நாலு கோடு நிறுத்தி, ஐந்தாவதைக் குறுக்கே போடுவார். நூறு மூட்டையானாலும் ஒன்றுகூடத் தவறாது. நான் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் படிக்காமலே செய்துகொண்டிருக்கிறார்!

நண்பர்களே, நாளை நாமும் சாஃப்ட்வேர் எழுதப் போகிறோம். தொகையைப் பக்கத்திலேயே எழுத்திலும் காட்டும்படி எழுதுவோம். ஏதோ ஒரு மூட்டைத் தொழிலாளியின் காசு தப்பிக்கும்!

— கணினிப் பொறியியல், மூன்றாம் ஆண்டு