கிரிப்டோ நாணயத்தின் தடம்

தாம்பரம், பல்லாவரம், குன்றத்தூர்ப் பகுதிகளில் வாழும் நமது அங்கத்தினர்களிடையே ஓர் எண்ணம் பரவியிருக்கிறது. கிரிப்டோ நாணயமாக மாறிவிட்ட பணம் எங்கே போயிற்று என்பதைப் போலீசாராலும் கண்டறிய இயலாது என்பதே அது. இவ்வெண்ணம் பெரும்பாலும் தவறானதாகும்.

2009 ஜனவரியில் தோன்றிய பிட்காயினை எடுத்துக்கொள்வோம். நமது சங்கத்தின் பேரேட்டைத் திண்ணையில் விரித்துவைத்து, வருவோர் போவோர் யாவரும் பார்க்கலாமென விட்டுவிட்டதாகக் கொள்ளுங்கள். அதில் அங்கத்தினர் பெயர் இராது. எண் மட்டுமே இருக்கும். எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு, எவ்வளவு, எப்பொழுது சென்றது என்பது அழியாமல் பதிந்திருக்கும். (காரியதரிசியும் அடித்தெழுத முடியாத பேரேடு இது!) ஆகவே மறைந்திருப்பது பணம் சென்ற வழியன்று, எண்ணுக்குரியவரின் பெயரே.

அப்பெயர் பெரும்பாலும் வெளிப்படுமிடம் பரிவர்த்தனை நிலையம். நாணயத்தை ரூபாயாக்க அங்கே வருபவர் பான் அட்டையும் வங்கிக் கணக்கும் காட்டியாக வேண்டும். 2023 மார்ச் 7-ஆம் தேதி அறிவிக்கையால் இந்நிலையங்கள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்தன. வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்ப்பதும், ஐயத்திற்குரியவற்றை நிதிப் புலனாய்வுப் பிரிவுக்குத் தெரிவிப்பதும் அவற்றின் கடமை. போலீசார் கேட்டால் ஏடுகளைக் காட்ட வேண்டும்.

2021 மே மாதத்தில் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் நிறுவனம் கொள்ளையருக்கு 75 பிட்காயின் கொடுத்தது. அடுத்த மாதமே, பேரேட்டின் வழியே தொடர்ந்து சென்ற அதிகாரிகள் 63.7 பிட்காயினைக் கைப்பற்றினர்.

எனினும் தடம் காண்பது வேறு. பணம் மீள்வது வேறு. 2024 ஜூலை 18-இல் நம் நாட்டின் வாசிர்எக்ஸ் நிலையத்திலிருந்து சுமார் 23 கோடி டாலர் பெறுமான நாணயங்கள் களவு போயின. வட கொரியாவே காரணமென்று அமெரிக்காவும் ஜப்பானும் தென் கொரியாவும் 2025 ஜனவரியில் அறிவித்தன. ஆனால் அங்கே சம்மன் அனுப்புவது யார்? இது தவிர, பலருடைய நாணயங்களை ஒன்றாகக் கலந்து தரும் சேவைகளும், மொனேரோ போன்று பேரேட்டையே மூடிவைக்கும் நாணயங்களும் உள்ளன.

அந்நிலையத்தில் முடங்கிய தம் நாணயங்களுக்காகச் சென்னை முதலீட்டாளர் ஒருவர் தொடுத்த வழக்கில், கிரிப்டோ நாணயம் சொத்தேயாகும் எனச் சென்னை உயர்நீதிமன்றம் 2025 அக்டோபரில் தீர்ப்பளித்தது. இது நமக்கு ஆறுதலான செய்தி.

நமக்கு மிகுந்த கவலை தருவது வேறொன்று. மோசடிக்காரன் தன் பெயரில் கணக்கு வைப்பதில்லை. சில ஆயிரங்களைக் கமிஷனாகக் காட்டி, நெசவாளியின் அல்லது விவசாயியின் பாஸ்புத்தகத்தையும் ஏ.டி.எம். அட்டையையும் இரவல் கேட்கிறான். களவுப் பணம் அக்கணக்கில் விழுந்து, நாணயமாக மாறிப் பறந்துவிடும். தடத்தைத் தொடரும் போலீசார் முதலில் கதவைத் தட்டுவது அந்த அங்கத்தினரின் வீட்டில்தான். கூலி வரவேண்டிய கணக்கும் முடக்கப்படும்.

பணத்தை இழந்தவர்கள் உடனே 1930 என்ற எண்ணுக்குத் தொலைபேசி செய்தல் வேண்டும். பணம் வங்கியை விட்டு வெளியேறுமுன் தகவல் சேர்ந்தால் அதை நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. நாணயமாகவே அனுப்பியிருந்தால், அனுப்பிய முகவரி எண்ணையும் பரிவர்த்தனை எண்ணையும் நேரத்தையும் குறித்து, 2022 முதல் இயங்கும் தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகத்தின் சைபர் குற்றப் பிரிவில் புகாருடன் கொடுக்கலாம். பேரேட்டில் தேடத் தொடங்குவதற்கு அந்த எண்களே வேண்டும்.